இடது பக்கம் கடைசி ஆள்

இடைவேளை விசில் ஊதியபோது எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் முன்னே இருந்தார்கள். ஆனாலும் செங்கத்திலிருந்து வரும் பயிற்சியாளர் தனசேகரன் சாரின் முகம் இறுகித்தான் கிடந்தது. மாவட்ட லீக்கில் முதலிடத்தில் இருக்கிற கிளப் எங்களுடையது. இந்தக் கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தாலே போதும், பிள்ளைகள் சென்னைக்குப் போய் ஆடலாம். அந்தப் பதினொரு பேரில் மலைக்காரன் என் மகன் மணிவேல் ஒருவன்தான். மற்றவர்கள் கண்ணமங்கலம், படவேடு, செங்கம் பக்கத்திலிருந்து வேனில் ஏறி வருகிறவர்கள்.

"மணிவேல வெளிய எடுக்கறேன் லாசர். பின்னால பெல்வின் ஆடட்டும்," என்றார் சார்.

லாசர் கிளப்பின் செயலாளர். கண்ணமங்கலத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பெல்வின் அவர் பெற்ற பிள்ளை. சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தே அலுத்துப்போனவன். லாசர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மணி வேகமா ஓடற பையன் சார். முன்னால, விங்ல வுட்டுப் பாக்கலாமே," என்றார்.

"விங்ல வெற்றிச்செல்வன் இருக்கான். அங்க பந்த கால்ல வாங்கித் திரும்பத் தெரியணும். இவனுக்கு ஓடத்தான் தெரியும்."

நான் தார்ரோட்டு வேலையிலிருந்து அப்படியே வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பொறுக்க முடியவில்லை.

"இன்னா சார், பையன் இன்னா தப்பு பண்ணான்? அவன் சைடுல ஒரு பந்து தாண்டிச்சா?"

"முதல் பாதில தாண்டாது. வெளியூர் கிரவுண்டுலயும் தாண்டாது. இங்க, ரெண்டாவது பாதில மட்டும் கோட்டை வுடுவான். ஏன் தெரியுமா? வேலை முடிச்சி அப்பதான நீங்க வந்து நிக்கறீங்க. அப்பாவப் பாத்தா கால் நடுங்குது."

"மூட்டை தூக்கினு மலை ஏறுறவன் சார். அவனுக்கா கால் நடுங்கும்?"

"மூட்டை தூக்கறது வேற, லைன்ல நிக்கறது வேற."

சாரின் உத்தி முழுக்க அந்த லைனில்தான் இருந்தது. இடது ஓரத்து மணிவேலையும் சேர்த்துப் பின்னால் நிற்கும் நான்கு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எதிராளி பந்தைத் தூக்கிப் போடப்போகும் நேரம் பார்த்து சார் "மேல!" என்று கத்துவார். நான்கு பேரும் சேர்ந்து முன்னே ஓடிவிட்டால், பந்துக்காகக் காத்திருந்தவன் அவர்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். ஆஃப்சைடு. கோட்டோர நடுவரின் கொடி ஏறிவிடும். நால்வரில் ஒருத்தன் தங்கிப்போனாலும் கொடி ஏறாது, கோல் வரைக்கும் வழி திறந்துவிடும்.

மணிவேல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். "சார், நீங்க சொல்றதத்தான் சார் செய்றேன்."

"நான் சொல்றதயா? வாயப் பாரு! கொஞ்ச நேரம் பாப்பேன். ஒரு தப்பு, வெளிய."

பக்கம் மாறினார்கள். எங்கள் மைதானம் மலைச் சரிவைச் சீவி எடுத்த இடம். எவ்வளவு மண் கொட்டியும் பள்ளிக்கூடத்துப் பக்கம் மேடு, ரோட்டுப் பக்கம் இறக்கம். முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடியவர்கள், இப்போது இறக்கத்தைப் பார்த்து ஆட வேண்டும்.

எதிரணியின் ஒன்பதாம் நம்பர் மணிவேல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றான். நடுவிலிருந்து ஒருத்தன் பந்தைத் தூக்கக் காலை ஓங்கினான்.

"மேல!"

மூன்று பேர் இறக்கத்தில் ஓடினார்கள். மணிவேல் மட்டும் மேட்டில் ஏறினான். கொடி ஏறவில்லை. ஒன்பதாம் நம்பர் நிதானமாகப் பந்தை வாங்கி வலைக்குள் தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று.

"பெல்வின், ரெடியாவு!" என்று சார் கத்தினார்.

எனக்கு என் மகன் செய்ததுதான் சரியாகப் பட்டது. கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

"இன்னா சார் அநியாயம்? நீங்க மேலன்னீங்க, அவன் ஒருத்தன்தான் மேல போனான். மத்த மூணு பேரும் கீழ ஓடறானுங்க. அவனுங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"யோவ், குடிச்சிட்டு வந்துகீறியா? மேலன்னா முன்னால!"

"மேலன்னா மேலதான்! உங்க செங்கத்துல முன்னாலயா?"

லாசர் சட்டென்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கோட்டோரம் குதித்துக்கொண்டிருந்த பெல்வினைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சார், இவங்களுக்கு மேலன்னா மேடு. முதல் பாதில மேடும் முன்னாலயும் ஒரே பக்கம். இப்ப மாறிப்போச்சு. பையன் நீங்க சொன்னத நம்பி மேட்டுல ஏறுறான்."

"அப்ப வெளியூர்ல?"

"அங்க மேடு ஏது சார்? மத்தவங்க ஓடற பக்கம் ஓடிக்கினு இருந்திருக்கான்."

"அப்பா!" என்றான் பெல்வின். லாசர் அவன் பக்கம் திரும்பவில்லை.

சார் மணிவேலைக் கையசைத்துக் கூப்பிட்டார். "டேய், இனிமே மேலன்னா ரோட்டுப் பக்கம். புரிதா?"

"ரோடு கீழ இல்ல சார் கீது?"

"கீழ இருக்கற ரோடுதான்டா மேல! கீழன்னு கத்தினா மத்த மூணும் பின்னால ஓடும். போடா!" பிறகு பெல்வினிடம், "நீ இங்கயே நில்லு. இன்னொரு தப்பு, நீதான் உள்ள," என்றார்.

அதற்குப் பிறகு பந்து எங்கள் பாதியை விட்டு வெளியே போகவே இல்லை. கடைசி நிமிடங்களில் எதிரணி மொத்தமும் ஏறி வந்துவிட்டது. பந்தை ஒருத்தன் காலடியில் நிறுத்தித் தலை நிமிர்ந்தான். ஒன்பதாம் நம்பர் மணிவேலின் தோளை உரசி நின்றான். பெல்வின் குதிப்பதை நிறுத்திவிட்டான்.

"மேல!"

மணிவேலின் வலது கால் மேட்டுக்குத் திரும்பியது. தெரிந்த வழியில் போகிற மாடு மாதிரி அதுவாகத் திரும்பியது. போச்சு என்று நினைத்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை முறுக்கித் திருப்பி, இறக்கத்தில் பாய்ந்தான். அதற்கப்புறம்தான் பந்து கிளம்பி அவன் தலைக்கு மேலே பறந்தது. ஒன்பதாம் நம்பர் அதை வாங்கி வலைக்குள் அடித்துவிட்டுக் கையைத் தூக்கினான்.

கோட்டோரம் கொடி ஏறியிருந்தது.

ஆட்டம் சமமாக முடிந்தது. "மணி பின்னாலயே இருக்கட்டும்," என்று சார் லாசரிடம் சொல்லிவிட்டுப் போனார். பெல்வின் முதல் ஆளாக வேனில் ஏறினான். லாசர் வெளியே நின்று சன்னல் வழியாக அவனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மணிவேல் ஓடி வந்தான். "பாத்தியாப்பா? கடைசில கரெக்டா மேல போனேன்!"

"பாத்தேன்டா," என்றேன்.

சார் கடைசியாகக் கத்தியபோது நானும் ஓரடி எடுத்து வைத்துப் பக்கத்தில் நின்றவர் மேல் மோதியிருந்தேன். மேட்டுப் பக்கம். அவன் அதற்குள் கீழே வெகுதூரம் போய்விட்டிருந்தான்.