பிஜுவை யார் பார்த்துக்கொள்வது

அரங்கநாதன் தன் ஆயுசில் ஒரு நாயை வாசற்படி ஏற விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர், ஐப்பசி பிறந்ததும் வளவனூர் வீட்டின் பின்பக்க அறையில் கிடந்த மல்லாட்டைக் கடலை மூட்டைகளை வெளியேற்றி, வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, புதுப்பாய் விரித்தார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அத்தனையும் பிஜு என்கிற ஒரு நாய்க்காக. அது இருப்பதோ பிரான்சில், மகன் ஜெகதீசன் வீட்டில்.

விஷயம் இதுதான். மனைவி வீரம்மாள் போய் வருஷம் திரும்பப் போகிறது. தலைத்திவசத்துக்கு இன்னும் இருபது நாள். போன வருஷம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஜெகதீசன் வராமல் போக, பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். இந்த எள்ளும் தண்ணீருமாவது பெற்ற பிள்ளை கையால் விழ வேண்டும் என்பது ஒன்றுதான் அரங்கநாதனுக்கு ஆசை. அவனோ, தானும் மனைவியும் கிளம்பி வந்துவிட்டால் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று இழுத்துக்கொண்டே இருந்தான். நாய்தானே தடை, அதுவும் வரட்டும் என்று முடிவு கட்டிவிட்டார். விழுப்புரம் கால்நடை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போய், வெளிநாட்டு நாய்க்கு என்ன ஊசி, என்ன தீனி என்றெல்லாம் விசாரித்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெகதீசன் வீடியோவில் கூப்பிட்டான். லீவுக்கு ஏதோ கிராமத்தில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார்களாம். கல் வீடு. சுற்றிலும் திராட்சைத் தோட்டம், இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக. உள்ளே விறகு எரிகிறது, அதன் முன்னால் கம்பளத்தில் பிஜு மல்லாந்து கிடக்கிறது. ஒரு வேலையும் இல்லை, தூங்குவதும் நாயோடு நடப்பதும்தான், நிம்மதியாக இருக்கிறது என்றான். மருமகள் கலைப்பிரியா எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். வளவனூரில் மூன்று நாளாக மழை. அந்த மூன்று நாளும் அரங்கநாதன் ஒருத்தரிடமும் வாய் திறந்து பேசியிருக்கவில்லை.

"நாய்க்கு ரூம்பு ரெடி பண்ணிட்டேன்டா. அதையும் கூட்டிக்கினு வந்துடு," என்றார்.

 விமானத்தில் அதைச் சாமானோடு போட்டுவிடுவார்கள், நம் ஊர்ச் சூடும் அதற்கு ஆகாது என்றான் ஜெகதீசன்.

"யார்கிட்டயாவது வுட்டுட்டு வரலாம்னா, தனியா வுட்டா சாப்பிடவே மாட்டேங்குதுப்பா. ஏங்கிப் போயிடும்."

அரங்கநாதன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். காலையில் கிண்டிய கேப்பைக் களி சட்டியில் அப்படியே இருந்தது. போயும் போயும் ஒரு வாயில்லா ஜீவன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. கோபித்துக்கொண்டால் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் நின்றுவிடுமே என்று முழுங்கிக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார். "நான் அங்க வந்து நாயைப் பாத்துக்கினு இருக்கேன். நீ இங்க வந்து உங்கம்மாவுக்குத் திவசம் குடுத்துட்டுப் போ."

ஜெகதீசன் விழுந்து விழுந்து சிரித்தான். கலைப்பிரியாவைக் கூப்பிட்டுச் சொன்னான், அவளும் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் நாய்கூட எழுந்து வாலை ஆட்டியது.

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அரங்கநாதன் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"பாஸ்போர்ட்டுக்கு எங்கடா எழுதிக் குடுக்கணும்?"