பொதுச்சுவர்

மூன்றாவது தடவை சுண்ணாம்பு அடித்தும் அந்தக் கறை வெளியே வந்துவிட்டது. முதல் நாள் சுவர் பளிச்சென்று இருக்கும். இரண்டாம் நாள் பழுப்பு தட்டும். நாலாம் நாள் அடுப்புக்கு மேலே, ஒரு பெண்பிள்ளை நின்றால் முகம் வருகிற உயரத்தில், தட்டகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம் வந்து நிற்கும். ஆதிலட்சுமி சுண்ணாம்பில் நீலம் கலந்து பார்த்தாள், பசை காய்ச்சி ஊற்றிப் பார்த்தாள். எதற்கும் அது மசியவில்லை.

புகைக்கறை அப்படித்தான், சுண்ணாம்பைத் தின்றுவிட்டு மேலே வரும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்வான். ஆனால் ஐந்து மாத வயிற்றோடு, முந்தி ஒருத்தி இருமிச் செத்த அடுப்படியில் தனியாக நிற்கிறவளுக்குக் கொத்தனார் சொல்லும் காரணம் எந்த மூலைக்கு?

செத்தவள் காசம்மாள், ஆதிலட்சுமியின் புருஷன் குழந்தைவேலுவின் மூத்த தாரம். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். புதுச்சேரிக்கு அழைத்துப் போனபோது டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தம்மா சுருட்டு குடிக்குமா?" என்று கேட்டாராம். சுருட்டைத் தொட்டறியாதவள் அவள். பதினெட்டு வருஷம் அந்த அடுப்படியில் விறகுப் புகையைக் குடித்தாள், அவ்வளவுதான்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் வைத்திருந்த குடும்பம் அது. குழந்தைவேலுவும் தம்பி அரங்கநாதனும் பாகம் பிரிந்தபோது பெரிய மெத்தை வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். புதுச்சேரியில் பத்திரம் பதிகிற நொத்தேரிடம் போய்ப் பாகப் பத்திரம் எழுதினார்கள். பொதுச்சுவரில் இரு பாகத்தாரும் ஜன்னலோ துவாரமோ வைக்கக் கூடாது என்று அவர் எழுதிவைத்தார். குழந்தைவேலு பாகத்துக்கு வந்த அடுப்படிக்கு ஒரு பக்கம் நெல் அறை, ஒரு பக்கம் சாமி அறை, மூன்றாவது பக்கம் கூடத்துக் கதவு. நாலாவது பக்கம், அடுப்பை ஒட்டி, அந்தப் பொதுச்சுவர். அதற்கு அப்பால் தம்பியின் மாட்டுக்கொட்டகை. மேலே கூரையைத் துளைக்கலாம் என்றால், உத்தரங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து ஓடின. புகை போக வழி கிடையாது.

ஒரு வார்த்தை தம்பியைக் கேட்டிருந்தால் ஒரு செங்கல்லோடு முடிந்திருக்கும் காரியம். ஆனால் பாகம் பிரிந்த பங்காளிகள் ஒருத்தன் வாசலில் ஒருத்தன் போய் நிற்பதா? தலை போனாலும் நடக்காது. போனது காசம்மாளின் தலை.

அவள் கருமாதி முடிந்த கையோடு குழந்தைவேலு கொல்லையில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிச் சாண காஸ் தொட்டி கட்டினான். மேலே பெரிய இரும்பு மூடி கவிழ்த்து, அங்கிருந்து அடுப்படிக்குக் குழாய் இழுத்தான். காலையில் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மூடி மெல்ல எழும்பும். சமைத்து முடித்தால் இறங்கும். நீலமாக எரியும், பாத்திரத்தில் கரி பிடிக்காது. வெளியே வரும் கழிவு கரும்புக்கு எரு. நெட்டப்பாக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து பார்த்தார்கள். நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. செத்தவளுக்கு உதவாது என்பதைத் தவிர.

ஆதிலட்சுமியின் அம்மா இரண்டாம் தாரமாகக் கொடுக்கச் சம்மதித்ததே அந்த நீல நெருப்பைப் பார்த்துத்தான். "புகையில்லாத வூடு, போய்ப் பொழைச்சிக்கோ" என்றாள்.

மார்கழி பிறந்ததும் பிழைப்பு தெரிந்தது. கரும்பு வெட்டு தொடங்கியது. இரண்டு ஜோடிக் காளைகளும் வண்டியோடு ஆலைக்குப் போய்விட்டன. அங்கே வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள் நிற்க வேண்டும். திரும்பி வந்த மறுநாளே அடுத்த பாரம். காளைகள் போட்ட சாணமெல்லாம் ஆலை ரோட்டில். வீட்டில் நின்றது ஒரு பசுவும் கன்றும். போதாததற்குப் பனி வேறு. தொட்டிக்குள் சாணம் புளிக்கவில்லை, மூடி எழும்பவில்லை, பால் காய்ச்சவே காஸ் இழுபறியாக இருந்தது. அத்தனை கணக்குப் பார்த்துத் தொட்டி கட்டிய மனுஷன், வருஷத்தில் நாலு மாதம் தன் காளைகள் தொழுவத்தில் நிற்காது என்பதை மறந்துபோனான்.

ஆதிலட்சுமி பழைய மண் அடுப்பை மெழுகி விறகு மூட்டினாள். அன்றைக்கே அந்தச் சத்தம் தொடங்கியது.

வறக், வறக் என்று சுவருக்குள் யாரோ சுரண்டினார்கள். அவள் இருமினால் நிற்கும். இருமி முடித்ததும் மறுபடியும் வறக், வறக். மூத்தவளுக்கு நான் இங்கே நிற்பது பிடிக்கவில்லை, வயிற்றுப் பிள்ளையைக் கேட்கிறாள் என்று ஆதிலட்சுமிக்குத் தோன்றிவிட்டது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது அது புகையாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வாரத்தில் இருமல் நெஞ்சில் இறங்கி, படுத்தால் வீஸ் என்று இழுத்தது. காசம்மாளுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று நாற்று நடவுக்கு வந்த சின்னபொண்ணு வாய் தவறிச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாரத்தோடு கிளம்பிய குழந்தைவேலுவிடம் அவள் சொல்லிப் பார்த்தாள்.

"சொவுத்துல இன்னாவோ சொரண்டுதுங்க."

அவன் முகம் சுண்டிவிட்டது. "எலியா இருக்கும்."

"எலி நான் இருமினா நிறுத்துமா?"

"சுண்ணாம்பு அடி, போ" என்றான். அடுப்படி வாசற்படியிலேயே நின்று சொன்னான். கல்யாணமான நாளாக அவன் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் உச்சிவேளையில் அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அரங்கநாதன் பெண்சாதி வள்ளியம்மாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் அவள் மாட்டுக்குப் புல் எடுக்கிறவள் மாதிரி குனிந்துகொண்டே பேசினாள்.

"இந்தாம்மா, பகல்ல சொரண்டாதே. எங்க வூட்டுக்காரரு காதுல வுழுந்துச்சின்னா வம்பு."

ஆதிலட்சுமிக்குப் புரியவில்லை. "நான் எங்கக்கா சொரண்டறேன்?"

"அடுப்படி சொவுத்த. கொட்டாயில நின்னா எனக்கு நல்லா கேக்குதே."

"ஐயோ, அது நான் இல்லக்கா. நீங்களோன்னு கூட நெனைக்கல நான். எனக்குப் பயத்துல உசுரே போவுது."

வள்ளியம்மாள் நிமிர்ந்தாள். புல் கையிலிருந்து நழுவியது. பிறகு வள்ளியம்மாள், யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருஷம் வைத்திருந்ததைச் சொன்னாள்.

காசம்மாளும் அவளும் சேர்ந்து அடுப்புக்கு மேலே அந்தச் சுவரில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஆம்பளைகள் பேச்சில்லாமல் இருந்தால் இருக்கட்டும், பெண்டுகளுக்கு என்ன? அந்தப் பக்கமிருந்து காசம்மாள் உடைந்த தோசைத் திருப்பியால் சுரண்ட, இந்தப் பக்கமிருந்து வள்ளியம்மாள் களைக்கொட்டால் சுரண்ட, ஆறு மாதத்தில் ஓட்டை திறந்துவிட்டது. வள்ளியம்மாள் தன் பக்கத்தில் சுவரெல்லாம் வறட்டி தட்டிவைத்து, ஒரே ஒரு வறட்டியை மட்டும் எடுத்து எடுத்து மாட்டினாள். அரங்கநாதனுக்குத் தெரியவே தெரியாது. கொட்டகையில் கொசு குறைந்தது என்று சந்தோஷம்கூடப் பட்டானாம்.

"நாலே நாளு. அக்கா அந்த நாலு நாளும் இருமல. அஞ்சாம் நாளு ஏரிக்குத் துணி தொவைக்கப் போயிருந்தாங்க. வந்து பார்த்தா ஓட்டை இல்ல. உங்க வூட்டுக்காரரு சிமிட்டி வச்சிப் பூசிட்டாரு. தம்பி பத்திரத்த எடுத்துக்கினு கோர்ட்டுக்குப் போயிடுவான்னு பயம். அன்னிக்குச் சாயங்காலம் அக்கா சொவுத்த மூணு தட்டு தட்டுனாங்க. நானும் தட்டுனேன். அதுக்கப்புறம் தட்டவே இல்ல. இருவது நாள்ல போயிட்டாங்க."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா ஒரு சத்தம் கெடையாதும்மா. நீ வெறகு வச்ச நாள்லேருந்துதான் கேக்குது."

ஆதிலட்சுமி வீட்டுக்குள் வந்தாள். அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வறக், வறக். அவளுக்கு இருமல் வந்தது, சத்தம் நின்றது. மூத்தவள் காத்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. பயம் விட்டுப்போகவில்லை, ஆனால் அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. ஒருத்தி செத்தும் ஓயாமல் யாருக்காக இந்தப் பாடு படுகிறாள்?

குழந்தைவேலு மூன்றாம் நாள் காலை வெறும் வண்டியோடு வந்தான். மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டுச் சாப்பாடு கேட்டான். அவள் கடப்பாரையைக் கொண்டுவந்து அவன் முன்னால் சாத்தினாள்.

"அந்தச் சிமிட்டிய நீங்களே வச்சீங்க. நீங்களே எடுங்க."

அவன் கடப்பாரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்லன்னா என்னை எங்கம்மா வூட்ல கொண்டுபோயி வுட்டுடுங்க. மூணாவதா ஒருத்தியப் பார்த்துக்குங்க. என் புள்ளைய இந்தப் பொகையில பெத்துப்போட நான் தயாரில்ல."

அவன் கடப்பாரையை எடுத்தான். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அடுப்படிக்குள் வந்தான். கறைக்கு நேராக நின்று, இரண்டு சட்டி சிமென்டும் செங்கல்லும் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தன் கையால் வைத்து அடைத்தது நினைவிருந்ததால், உடம்பின் முழு பலத்தையும் சேர்த்து ஓங்கிக் குத்தினான்.

கடப்பாரை ஒரே குத்தில் உள்ளே போய்விட்டது. தடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தடுமாறிச் சுவரில் மோதினான்.

மேலே விரற்கடை கனத்துக்குத்தான் சிமென்ட் இருந்தது. அதைப் பெயர்த்துப் பார்த்தபோது உள்ளே வெறும் பொந்து. அவன் வைத்த செங்கல் இல்லை. அடியில் மாவு மாதிரி பொடி குவிந்து கிடந்தது. அந்தப் பக்கத்து முனையில் அதே மாதிரி விரற்கடை கனம். இரண்டு பக்கமும் மூடியிருந்த அந்தப் பொந்துக்குள் எந்தக் கை போயிருக்க முடியும்? பெயர்ந்து விழுந்த சில்லை அவன் திருப்பினான். அதன் உட்பக்கத்தில் நகக்கீறல்கள், நாலு நாலாக.

குழந்தைவேலு அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். காசம்மாள் செத்தபோதுகூட ஊருக்கு முன்னால் கண் கலங்காத ஆள், வாய்விட்டு அழுதான்.

"வுடுடி காசம்மா, போதும். நான் எடுத்துட்றேன்."

எழுந்து மிச்சத்தையும் குத்தினான். அந்தப் பக்கத்துச் சில்லும் வறட்டியும் கொட்டகைக்குள் விழுந்தன. மாடுகள் மிரண்டன. "எவன்டா அது சொவுத்த இடிக்கறது?" என்று கத்திக்கொண்டே அரங்கநாதன் ஓடி வந்தான். ஓட்டை வழியாக அண்ணன் முகத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றான். அண்ணன் அந்தச் சில்லை அவன் கையில் நீட்டினான். வள்ளியம்மாள் பின்னால் வந்து நின்றாள். அரங்கநாதன் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்திரத்தைப் பற்றி அவன் அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

சத்தம் அதோடு நின்றது. ஆதிலட்சுமியின் இழுப்பு தை பிறப்பதற்குள் விட்டது. சித்திரையில் பெண் பிறந்தது. காளைகள் தொழுவத்துக்குத் திரும்பின, இரும்பு மூடி எழும்பியது, நீல நெருப்பு மறுபடி எரிந்தது. கறைக்கு மேல் அவள் பிறகு சுண்ணாம்பு அடிக்கவில்லை.

ஆனாலும் தினமும் சாயங்காலம் அவள் மண் அடுப்பில் ஒரே ஒரு சுள்ளியைப் பற்றவைப்பாள். குழந்தைவேலு வந்து அடுப்புக்கு முன்னால் உட்காருவான். புகை நேராக எழும்பி அந்த ஓட்டைக்குள் போகும், யாரோ அந்தப் பக்கமிருந்து இழுத்துக்கொள்கிற மாதிரி. எவ்வளவு பசியாக இருந்தாலும் கடைசிப் புகை போகிற வரைக்கும் அவன் எழுந்திருப்பதில்லை.