வாசலில் நிற்கக் கூடாத வண்டி

அண்ணன் வீட்டுக்குள் கால் வைத்து நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு குப்பியிலும் தேதி எழுத வேண்டும். எழுதும்போதே இந்தக் கணக்கும் கூடவே ஓடிவிடும்.

அப்பா உள்நாட்டுக் கார் கம்பெனி ஒன்றில் கதவு மாட்டுகிறவர். முப்பத்தோரு வருடங்கள். அங்கே ஒரு விதி உண்டு: வேறு கம்பெனி வண்டியில் வேலைக்கு வருகிறவர்கள் வேலிக்கு வெளியே, வெயிலில்தான் நிறுத்த வேண்டும். அந்த விதியை அப்பா எங்கள் வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்திருந்தார்.

அண்ணன் வெளிநாட்டுக் கம்பெனியின் தொழிற்சாலையில் சேர்ந்து, அவர்கள் வண்டியையே வாங்கினான். வரும்போதெல்லாம் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவான். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த அன்று மழை. கட்டுப் போட்ட கண்ணோடு அம்மாவை நடக்கவைக்க மனமில்லாமல் வாசலிலேயே நிறுத்தினான். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, “கொண்டுவந்து விட்டாச்சுல்ல? முதல்ல அதை எடு இங்கேருந்து” என்றார். எடுத்தான். அதோடு சரி.

இப்போது எங்கள் பழைய கார் படுத்துவிட்டது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். நாளைக்குப் போய்ப் புது வண்டிக்குப் பதிவு செய்வதாக ஏற்பாடு. எங்கள் வாசலில் அண்ணன் கம்பெனி வண்டி நின்றால் அண்ணனும் வந்து நிற்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர். எல்லா வண்டியையும் ஓட்டியிருக்கிறார், எல்லாவற்றையும் திட்டியிருக்கிறார்.

“அண்ணே, உன் கம்பெனி வண்டியில மழை பெஞ்சா உள்ளே குடை பிடிக்கணும். எனக்கு அனுபவம் இருக்கு.”

“உன் வெளிநாட்டு வண்டிக்கு ஒரு கண்ணாடி உடைஞ்சா கப்பல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அந்த அனுபவம் இல்லையா?”

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப அந்த வண்டியையும் இங்கேதான் செய்யறாங்க.”

“லாபம் எங்கே போகுது? அதைச் சொல்லு.”

“உன் வண்டிக்கு இன்ஜின் எங்கேருந்து வருது? நீ அதைச் சொல்லு.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “இன்ஜின் வேற. கதவு நாங்க மாட்டறது.”

“அப்ப கதவை மட்டும் வாங்கி, பிடிச்சுக்கிட்டே நடந்து போ.”

அம்மா சிரித்துவிட்டாள். “ரெண்டு பேரும் நடங்க. உடம்புக்காவது நல்லது.”

அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சித்தப்பா சொல்லிவிட்டார்: “உன் பையன் கைபட்ட வண்டிண்ணே அது. வாங்கினா என்ன குறைஞ்சுபோயிடும்?”

அப்பாவின் முகம் மாறியது. “எங்க லைன்ல அத்தனை பேர்கிட்டயும் சொல்லிவெச்சேன், என் பையன் வரப்போறான்னு. உதறிட்டுப் போனவன் அவன். நான் மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது?”

நான் காலி டம்ளர்களை எடுத்தேன். அண்ணன் சொல்லக் கூடாது என்று என்னிடம் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. தினமும் மதிய இடைவேளையில் போனில் பேசுகிறான். அம்மா கண், அப்பா முட்டி, எல்லாம் கேட்பான். கடைசியில் நான் “சொல்லிடட்டுமாண்ணா?” என்பேன். “வேண்டாம். அவர் இன்னும் மூணு வருஷம் அந்த கேட்டுக்குள்ளே போகணும். தலை நிமிர்ந்து போகட்டும்” என்பான். அப்பா தலை நிமிர்ந்துதான் போகிறார். திரும்பி வந்தபின் சாப்பாட்டு மேசையில் அண்ணன் நாற்காலியைப் பார்க்காமல் உட்காருகிறார்.

“சரி, நாளைக்கு நம்ம வண்டிக்கே பதிவு பண்ணிடலாம்” என்றார் அப்பா. “இதோட பேச்சை விடு.”

தெருவில் ஒரு கார் கதவு சாத்தப்பட்டது. எனக்கு எல்லாக் கதவுச் சத்தமும் ஒன்றுதான். அப்பா மட்டும் சட்டென்று எழுந்து, செருப்பில்லாமல், வாசலுக்குப் போனார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

எதிர்வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். அண்ணனுடையதைப் போன்ற வண்டிதான், ஆனால் நிறம்கூட வேறு. அப்பா கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“வேற யாரோ, அப்பா.”

“தெரியுது.” உள்ளே போகவில்லை. “ரெண்டு தெரு தள்ளி நிறுத்துவான். எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு. கதவு சாத்தற சத்தத்துலயே வந்துட்டான்னு தெரிஞ்சுடும். உங்கம்மாவை சாதம் வடிக்கச் சொல்லுவேன்.”

நான் இதுவரை கேட்டிராத விஷயம் அது.

“இப்பல்லாம் அந்த ஜாதி வண்டி எது வந்தாலும் அவன்தான்னு தோணுது. முப்பத்தோரு வருஷம் கதவு மாட்டினவனுக்கு இது கூடப் பிசகுது, பாரு.”

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. யாரோ யாரையோ “வாங்க வாங்க” என்று அழைத்தார்கள்.

“நம்ம கம்பெனி அவனுக்கு ஏன் பிடிக்கலை?” அப்பா என்னைக் கேட்கவில்லை, கேட்டைக் கேட்டார். “ஒரு தடவையாவது விண்ணப்பம் போட்டிருக்கலாம்.”

என்னைப் பேசத் தெரியாத பெண் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் அவர் கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“போட்டான், அப்பா. மூணு தடவை போட்டான். மூணு தடவையும் உங்க கம்பெனிதான் வேண்டாம்னுச்சு.”