பெயர் எழுதாத கோப்பை

கூடத்தின் சுவரில் முப்பத்திரண்டு கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை, அதன் மேல் நகப்பூச்சால் எழுதிய ஒரு பட்டப்பெயர். வாயாடி, ஒட்டடைக்குச்சி, அரைத்தூக்கம், லேட்டு. எங்கள் இளைஞர் மையத்தில் யாரிடமும் நிஜப் பெயர் கேட்கக் கூடாது. புதிதாக வந்தவருக்கு மற்றவர்கள் பார்த்து ஒரு பெயர் வைப்பார்கள். அதைக் கேட்டு வாங்க முடியாது. கோப்பையில் எழுதிவிட்டால் அவர் எங்கள் ஆள்.

இந்த விதி பெரியக்காவுடையது. மையத்தைத் தொடங்கியவர் அவர். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்த தலைவர் யார் என்று பேசிய கூட்டத்தில் மற்ற எல்லோரும் முடியாது என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் தலைவரானேன். அதுவரை மாலையில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து இயற்பியல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர்களுக்கு நான் அக்கா. தலைவரான மறுநாளே மேடம். கதவுள்ள ஓர் அறை எனக்கு வந்தது. என் கோப்பையில் மட்டும் பெயர் கிடையாது.

சென்ற மாதம், எங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளை ஒரு படிவம் அனுப்பியது. வருகிற ஒவ்வொருவரின் பெயர், பெற்றோர் பெயர், முகவரி. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். திங்கள் மதியம், யாரும் வருவதற்கு முன், முப்பத்தொரு படிவங்களை மேசையில் அடுக்கினேன். பக்கத்தில் பேனாக்கள் வைத்தேன். ‘நிரப்பித் தரவும்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். பிறகு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வெளியே கொஞ்ச நேரம் சத்தம் இருந்தது. பிறகு இல்லை.

செவ்வாய் நான்கு பேர் வந்தார்கள். புதன் ஒருவரும் இல்லை. பழக்கதோஷத்தில் பெரிய பாத்திரம் நிறைய டீ போட்டுவிட்டேன். அது முழுதாக ஆற எழுபது நிமிடம் ஆனது.

அம்மா போன் செய்தாள்.

“ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. அந்தப் பிள்ளைக்கு முன்னாடி ஒரு புருஷன் வேணுமேடி.”

வழக்கமான பேச்சுதான். பிறகு, பின்னால் ஏன் இவ்வளவு அமைதி என்று கேட்டாள். எல்லோரும் படிக்கிறார்கள் என்றேன்.

வியாழன் வாயாடி வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராகச் சுவருக்குப் போய்த் தன் கோப்பையை எடுத்தாள். கூடவே ஒட்டடைக்குச்சியின் கோப்பையையும்.

“எங்க கொண்டுபோற?”

“எங்க கப்புதானே மேடம்.”

ஒட்டடைக்குச்சி அப்பாவின் அடிக்குத் தப்பி அத்தை வீட்டில் இருக்கிறானாம். அவர் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறாராம். முகவரியை எழுதிவிட்டால் காகிதத்துக்குக் கால் முளைக்கும் என்றாள். எனக்கு இது எதுவும் தெரியாது. பெரியக்கா அந்த விதியை ஏன் வைத்தார் என்றும் நான் யோசித்ததில்லை.

“ஃபாரம் வந்தது உங்க தப்பில்ல,” என்றாள் வாயாடி. “பெரியக்காவா இருந்தா நடுவுல வந்து உக்காந்து, ‘இப்படி ஒரு இழவு வந்திருக்கு, என்னடி பண்ணலாம்’னு கேட்டிருப்பாங்க. நீங்க வெச்சிட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டீங்க. பரீட்சை ஹால் மாதிரி.”

இப்போது மாலையில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பேருந்து நிறுத்தத்தில் என்றாள். மழை வந்தால்? நனைவோம் என்றாள்.

அன்றே அறக்கட்டளைக்கு எழுதினேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்ல முடியும், யார் யார் என்று சொல்ல முடியாது. மறுநாள் காலை அதிகாரி அழைத்து, அப்படியானால் இந்த ஆண்டு உதவி வராது என்று வருத்தத்தோடு சொன்னார். சரி என்றேன். இருப்பதை வைத்து ஆறு மாதம் ஓட்டலாம்.

நான்கு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். பதினைந்து பேர் இருப்பார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

“பேரு வேணாம். அவங்ககிட்ட சொல்லிட்டேன்,” என்றேன். “நான் உள்ள போயிருக்கக் கூடாது.”

ஒரு பேருந்து வந்து நின்றது. ஒருவரும் ஏறாததால் ஓட்டுநர் எங்களை முறைத்துவிட்டுப் போனார்.

ஒட்டடைக்குச்சி நிமிர்ந்து பார்த்தான். “உங்க பேரு என்ன மேடம்?”

வாயாடி அவன் பின்மண்டையில் தட்டினாள். “பேரு கேக்கக் கூடாதுடா. அதான் இவங்களுக்கு எப்பவோ வெச்சாச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை. அரைத்தூக்கம் சற்று நகர்ந்து இடம் விட்டான். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் வேறு எதையோ பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த திங்கள் பத்தொன்பது பேர் வந்தார்கள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. ஒட்டடைக்குச்சியின் கோப்பை கொக்கிக்குத் திரும்பிவிட்டது. என் மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். நான் பக்கத்தில் போனால் பேச்சு இன்னும் தணிகிறது, முன்பைவிடக் குறைவாக.

தினமும் அவர்கள் வருவதற்கு முன், நகப்பூச்சுக் குப்பியை என் கோப்பைக்குக் கீழே எடுத்து வைக்கிறேன். ஏழு மணிக்கு, எல்லோரும் போனபின், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப அலமாரிக்குள் வைக்கிறேன்.