கரண்ட் வந்தால் கெட்டது காரியம்

எங்கள் போட்டாதாங் தெருவில் கரண்ட் போவதற்கு யாரும் அஞ்சுவதில்லை; அது தினமும் போவதுதானே! கரண்ட் வந்துவிடுமோ என்று அஞ்சிய ஒரே ஜீவன் என் தங்கை சைதா.

அவள் படிப்பு வேதியியல். ஒரு மூலக்கூறு இன்னொன்றாக மாற வேண்டுமானால் நடுவே ஒரு மேட்டைத் தாண்ட வேண்டுமாம். அந்த மேட்டின் உயரத்தைச் சோதனைக் குழாயே இல்லாமல் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாள். அவசர முறை ஒன்று நொடியில் ஓர் உயரத்தைச் சொல்லுமாம், கடைக்காரன் சொல்லும் முதல் விலை மாதிரி. உண்மையான உயரம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் பகல் முழுக்க நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் முதலிலிருந்து. வெளிநாட்டுப் பேராசிரியர் இன்று மாலை ஐந்துக்குள் விடை கேட்டிருந்தார். தராவிட்டால் ஆராய்ச்சிக் கட்டுரையில் சைதாவின் பெயர் இல்லை. பட்ட பாடெல்லாம் வீண்.

அதற்குத்தான் என் மளிகைக் கடை ஜெனரேட்டர். ஆனால் நேற்று என்ன நடந்தது? "மீ லா பீ!" என்று தெருவே கூவியது. கரண்ட் வந்தால் இங்கே எல்லோரும் பர்மிய மொழியில் போடும் கூச்சல் அது. கேட்டதும் என் பாழாய்ப்போன கை தானாகப் போய் ஜெனரேட்டரை அணைத்து, ஸ்விட்சை லைனுக்குத் தள்ளிவிட்டது. வருடக்கணக்கான பழக்கமாயிற்றே! கண் இமைக்கும் நேர இருட்டுதான்; கம்ப்யூட்டர் செத்தது. அண்ணனைக் 'காக்கா' என்று அழைக்கும் சைதா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

இன்று ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு. சாவி அவளிடம்.

நாலு மணிக்கு மறுபடியும் "மீ லா பீ!" தெருவெல்லாம் விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார். என் கடையில் மட்டும் ஜெனரேட்டர் டமடமவென்று டீசல் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு டீசலும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

"காக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்றாள் சைதா.

கேனைத் தூக்கிக்கொண்டு, படகு மோட்டார் பழுதுபார்க்கும் தேவராஜிடம் ஓடினேன். பர்மிய வழக்கப்படி என்னை 'கோ', அதாவது அண்ணன், என்பான் அவன்.

"என்னா கோ யாசர், கரண்ட் வந்து பளிச்சுனு எரியுது, நீ டீசல் கேக்குற? மண்ட கிண்ட கொழம்பிருச்சா?"

"என் தங்கச்சி மேடு ஏறிக்கிட்டு இருக்காய்யா. சீக்கிரம் குடு!"

கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். மானம் கப்பலேறியது. ஓடி வந்து ஊற்றினேன்.

ஐந்தடிக்கச் சற்று முன்னால் "முடிஞ்சிருச்சு காக்கா!" என்று அலறினாள். விடையை அனுப்பினாள். பதிலும் வந்தது. கட்டுரையில் அவள் பெயர் உண்டு.

"மேடு சின்னதுதானே?" என்றேன்.

"ரொம்ப ஒசரம். இந்த மாத்தம் நடக்காது."

"அடிப்பாவி! நடக்காததுக்கா நான் டீசல் பிச்ச எடுத்தேன்?"

"அவசரக் கணக்க நம்பி எல்லாரும் நடக்கும்னாங்க. நடக்காதுன்னு சொன்னது நான் ஒருத்திதான். அதுக்குத்தான் கட்டுரையில என் பேரு, காக்கா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலுக்குப் போய், தேவராஜுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"என் தங்கச்சி கண்டுபிடிச்சுட்டா! அது நடக்கவே நடக்காதாம்!"