நாற்பத்தோராவது அட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை குப்பைக்கூடையிலிருந்து எடுத்தது. பீட்சா தள்ளுபடிச் சீட்டுகளோடு வந்த அட்டையை விளம்பரம் என்று எறிந்தேன். மூன்று நாள் கழித்து, என் மகள் கத்தரித்து விளையாட அதை எடுத்தபோதுதான் பார்த்தேன். ஒருவனின் படம், பெயர், சிறுமியிடம் அவன் செய்த குற்றம், முகவரி. எங்களுக்கு நான்காவது வீடு. எங்கள் லூசியானா மாநிலத்துச் சட்டப்படி, அப்படிப்பட்டவன் தண்டனை முடிந்து குடிவந்தால், சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் அவனே அட்டை போட்டுத் தெரிவிக்க வேண்டும்.

2

"க்ளோவிஸ் சிறையிலிருந்து வெளியே வந்த அன்று மழை—"

வேண்டாம். கதையில் மழையைப் போட்டால் அந்த அட்டைக்காரன்மேல் இரக்கம் வந்துவிடும். அதைத் தேடித்தர எனக்கு மனமில்லை.

அவனுக்கு இடம் கொடுத்த அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். பெயர் ஒடீல். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். [பேருந்தை எடுத்துவிட்டேன், கதைக்கு ரொம்பவும் வசதியாகிவிடுகிறது. இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை.]

3

சமையலறை மேசையில் நாற்பத்தோரு அட்டைகள். நாற்பதில் தபால்தலை ஒட்டியாயிற்று. மிச்சம் எதிர்வீட்டு ரெனெல்லாவுடையது. அவளுடைய ஏழு வயது மகள் பாதி நாள் ஒடீல் வீட்டில்தான் கிடப்பாள்.

"அதையும் தபால்லயே போட்டுடுக்கா. யாரு படிக்கிறா? குப்பைக்குத்தான் போகும்," என்றான் க்ளோவிஸ்.

"அதுக்குத்தான்டா கையில கொண்டுபோறேன்."

"அப்புறம் அவ உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

"முழிக்காட்டி போகட்டும். அந்தப் பிள்ளை இனி இந்த வாசப்படி ஏறக் கூடாது. அத அவ அம்மாகிட்ட நான்தான் சொல்லணும்."

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெளிவானவள் அவனுக்கு ஏன் கதவைத் திறந்தாள்? கேட்டேன்.

"வேற எங்க போவான்? என் கண்ணு முன்னாடியே கிடக்கட்டும்."

நான் பாதிதான் ஒப்புக்கொண்டேன்.

4

முடிவு ஒன்று: ரெனெல்லா அட்டையைப் படித்துவிட்டு ஒடீலைக் கட்டிக்கொண்டு— பொய்.

முடிவு இரண்டு: கதவை முகத்தில் அறைந்து— நடக்கலாம். ஆனாலும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

எங்கள் தெருவில் யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. அட்டை கூடையில் கிடந்த மூன்று நாளும் என் மகள் அந்த வீட்டைத் தாண்டித்தான் சைக்கிள் ஓட்டினாள். அதனால்தான் ஒடீலை எழுதினேன். அவளைத் தெருவைக் கடக்கவைக்காமல் ஓயப்போவதில்லை.

கடந்துவிட்டாள். கதவைத் தட்டுகிறாள். உள்ளே பிள்ளையின் குரல்: "ஐ, ஒடீல் அத்தை!"

அட்டையில் ரெனெல்லாவின் பெயரை அடித்துவிட்டு இதைப் படிக்கிற உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். பிள்ளை ஓடிவந்து கதவைத் திறப்பதற்குள் நீங்கள் போய்த் திறங்கள். ஒடீல் சொல்லி முடிக்கும்வரை சாத்திவிடாதீர்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.