பால்மாவும் விறகும்

1951-இல் மலாயாவில், டுரியான் துங்காலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று போட்ட வேலி. அங்குள்ள குழந்தைகளுக்கு இலவசப் பால்மாவு கொடுக்க, ஓர் உதவிச் சங்கத்தின் சார்பில் மகாலிங்கம் புதன்கிழமைதோறும் மலாக்காவிலிருந்து லாரியில் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர்.

காலை பத்து மணிக்கு மேசை போடுவார். முதல் வாரம் நல்ல கூட்டம். நான்காம் வாரம் ஐந்தே பேர். 'இவர்களுக்கு அக்கறையில்லை' என்று சங்கத்துக்கு எழுதிவிட்டார்.

ஐந்தாம் வாரம் லாரி பழுதாகி, இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போன பெண்கள் அப்போதுதான் திரும்பினார்கள். முதலில் வந்தவள் பிரிஜிட்.

"பிள்ளையளுக்குச் சும்மாதானே குடுக்கிறம். வந்து வாங்க ஏலாதோ?" என்று கடுமையாகவே கேட்டார்.

பிரிஜிட் வாளியைக் கீழே வைத்தாள். "பத்து மணிக்கு நாங்க வெட்டுல நிக்கிறோம் ஐயா. மொத வாரம் மழை, வேலை இல்ல, வந்தோம். பச்சத்தண்ணியில கரைச்சுக் குடுத்தேன். எம்மவனுக்கு மூணு நாளு வயித்தால போச்சு."

"தண்ணியைக் கொதிக்க வைச்சிருக்கலாமெல்லே?"

"வெறகு எங்க? முன்னல்லாம் காட்டுல பொறுக்குவோம். இப்ப உள்ள வந்துட்டா கேட்டைச் சாத்திடுறாங்க. இருக்கிறது சோறாக்கவே பத்தல லா."

கொதித்த நீரில்தான் கலக்க வேண்டும் என்று வாராவாரம் படித்துக் காட்டியவர் அவர்தான். முகம் சுண்டிப்போயிற்று. லாரி தயாரான பிறகும் புறப்படாமல் மற்ற பெண்களிடமும் கேட்டார். எல்லா வீட்டிலும் விறகுதான் குறை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா குஞ்சம்மாதான் வழி சொன்னாள்.

"வீட்டுக்கு வீடு டின் குடுக்காதீங்க ஐயா. ஆயாக் கொட்டாயில ஒரே அண்டாவுல தண்ணி காய்ச்சுவோம். ஒரு கட்டு வெறகு போதும். நானே கலக்கித் தர்றேன்."

'முன்பு எழுதியது என் தவறு' என்று தொடங்கி மகாலிங்கம் புதிதாக ஒரு கடிதம் எழுதினார். வீட்டுக்கொரு டின் என்பதே விதி என்று சங்கம் மறுத்தது. இரண்டாவது கடிதத்தோடு நேரிலும் போய் நின்றார். ஒரு மாதம் கழித்துச் சம்மதித்தார்கள். தோட்டத்துத் துரையும் பட்டுப்போன ரப்பர் மரங்களை விறகுக்கு வெட்டிக்கொள்ள அனுமதித்தார்.

அண்டா ஏறிய முதல் நாள், பிரிஜிட் தானே ஒரு குவளை குடித்துப் பார்த்தாள். மகனுக்குக் கொடுக்கவில்லை. அடுத்த நாள்தான் கொடுத்தாள். அந்த வார முடிவில் நாற்பது பிள்ளைகள் குடித்தார்கள்.

அதன்பிறகு மகாலிங்கம் இரண்டு மணிக்குத்தான் வந்தார். "வேறென்ன குறை? சொல்லுங்கோ" என்று கேட்டபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"உக்காருங்க ஐயா," என்றாள் பிரிஜிட். "நெறைய இருக்கு."